நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

நவம்பர் 17, ஞாயிறு

இன்று முதல் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. சம்பளம் கிடையாது. ஆனால் எழுதுவது அச்சில் வரும்.

அப்பா ராயப்பேட்டையில் உள்ள பரஞ்சோதி ஏலக்கூடத்தில் பதினாறு வருடமாக இருக்கிறார். ஏலத்துக்கு வரும் பழம்பொருட்கள், ஓவியங்கள், நகைகள் எல்லாவற்றையும் அளந்து, எடை பார்த்து, எண் போட்டு, கேட்லாக்கில் விவரம் எழுதுவது அவர் பொறுப்பு. இதுவரை எல்லாம் ஆங்கிலத்தில்தான். இந்த மார்கழிக்கு நடனம், சங்கீதம் சம்பந்தப்பட்ட பொருட்களை மட்டும் வைத்து டிசம்பர் 22ஆம் தேதி ஒரு தனி ஏலம் நடக்கப் போகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் சபாக்களில் இருந்து வருவார்கள், அதனால் கேட்லாக் தமிழிலும் வேண்டும் என்று முதலாளி பரஞ்சோதி சார் சொல்லியிருக்கிறார்.

"தமிழ்ல எழுத ஆளுக்கு எங்க போறது சூசை?" என்று கேட்டாராம்.

"வீட்டுல ஒண்ணு இருக்கு சார். ஒன்பதாவது படிக்குது. சோப்பு உறையக்கூட ரெண்டு பக்கமும் படிச்சுட்டுத்தான் தூக்கிப் போடும்" என்றாராம் அப்பா.

இதைப் பெருமையாகச் சொன்னாரா, கிண்டலாகச் சொன்னாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "உங்கப்பாவுக்கு ரெண்டும் ஒரே மூஞ்சிதான்" என்றார் அம்மா.

அப்பா மூன்று விதிகள் சொன்னார். கையுறை இல்லாமல் எதையும் தொடக் கூடாது. எதற்கும் விலை ஊகித்துச் சொல்லக் கூடாது. யார் விற்கிறார்கள் என்ற பெயர் இந்தக் கூடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றினார். முன்பு ஒருவர் ஒரே ஒரு பெயரை வெளியே சொல்லி, மறுநாளே வேலையை விட்டுப் போனாராம். "பேரு போனா அப்பாவும் போயிடுவேன், புரியுதா அமலி?"

புரிந்தது. நான் இந்த நாட்குறிப்பையும் இனிமேல் பீரோவில் வைத்துப் பூட்டப் போகிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. பள்ளி விடுமுறை. ஒரு வீணையின் நீளத்தை மூன்று தடவை அளந்தேன், மூன்று விதமாக வந்தது. வேதியியல் படிக்கவில்லை.

நவம்பர் 23, சனி

இன்று காலை ஒரு மாமி வந்தார். பெயர் பத்மாசனி. ஏலக்கூடம் மாடியில் இருக்கிறது, இருபத்து நான்கு படி. கைத்தடி வைத்திருந்தாலும் அதை ஊன்றாமல், குடை மாதிரி பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். முதுகு அளவுகோல் மாதிரி நிமிர்ந்திருந்தது. நடனம் ஆடியவர் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

பையில் இருந்து மஞ்சள் துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு வங்கி. மேல் கையில் அணிகிற நகை. வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசி, பழைய சிவப்புக் கெம்புக் கற்கள் பதித்தது. அதில் ஒரு கிளி, கழுத்தை நீட்டி ஏதோ ஒன்றைக் கொத்துகிறது. எதைக் கொத்துகிறது என்று தெரியவில்லை. மூன்று இதழ்தான் இருக்கிறது, பாதிப் பூ.

"இன்னொண்ணு இருக்குமே மேடம்?" என்று அப்பா கேட்டார். வங்கி எப்போதும் ஜோடியாகத்தான் வரும்.

"இருக்கும். எங்கிட்ட இல்லை." மாமி நாற்காலியில் உட்காரவே இல்லை. "நாங்க ரெண்டு பேர் சேர்ந்து ஆடிண்டிருந்தோம். பத்மா, திலகான்னா அந்தக் காலத்துல தெரியாதவா கிடையாது. மொதல் சம்பளத்துல ரெண்டு ஜோடி வாங்க வக்கில்லை. ஒரு ஜோடி பண்ணிண்டு ஆளுக்கு ஒண்ணு போட்டுண்டோம். எனக்கு இடது கை, அவளுக்கு வலது கை. பக்கத்துல நின்னா ரெண்டு கிளியும் மூஞ்சியப் பாத்துக்கும். ஜனங்க அதுதான் புது ஸ்டைலுன்னு நெனச்சுண்டா."

"இப்ப அவங்க..."

"எண்பத்தாறுல ஒரு போஸ்டர்ல எம்பேருக்கு முன்னாடி அவ பேரப் போட்டுண்டா. எப்பவும் பத்மா, திலகா. அன்னிக்கு திலகா, பத்மா. அன்னியோட சரி."

விற்பனைப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'விற்கும் காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் மாமியைப் பார்த்தேன்.

"ஒத்தை வங்கிய வெச்சுண்டு என்ன பண்றது? அப்படியே எழுது" என்றார்.

அப்படியே எழுதினேன். ஏல வரிசையில் அதன் எண், அதாவது லாட் எண், 41.

நவம்பர் 26, செவ்வாய்

அகராதியில் 'வங்கி' என்பதற்கு முதலில் பணம் போடும் இடம் என்றுதான் போட்டிருக்கிறது. நகை மூன்றாவதாக வருகிறது. நகைக்கு இது நியாயமாகப் படவில்லை.

நவம்பர் 30, சனி

சாப்பிடக்கூட உட்காராமல் இதை எழுதுகிறேன், சந்தோஷத்தில்தான்.

பதினொரு மணிக்கு ஒரு அம்மா படியேறி வந்தார். குண்டாக, சிரித்த முகமாக, மல்லிகைப்பூ வைத்து. நான்கைந்து படிக்கு ஒரு தடவை நின்று, "இந்தப் படியக் கட்டினவன் நல்லா இருப்பானா?" என்று கேட்டுவிட்டு ஏறினார். மேலே வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, என் ஊர், பள்ளி, என்ன சாப்பிட்டேன் என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் கைப்பையைத் திறந்தார். மாத்திரை டப்பா ஒன்றில், பஞ்சுக்கு நடுவே, ஒரு கிளி.

இந்தக் கிளி எதிர்ப்பக்கம் பார்த்தது. பாதிப் பூ. மூன்று இதழ்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் காலை மிதித்தார்.

"பேரு சொல்லுங்கம்மா" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"திலகவதி. திலகான்னு போட்டாத்தான் தெரியும். அதுவும் இப்ப யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார். "இந்த நகைக்கு ஒரு ஜோடி உண்டு. அது வேற ஒருத்திகிட்ட இருக்கு. அவ என் மூஞ்சியில முழிச்சு முப்பத்தெட்டு வருசம் ஆச்சு."

"சண்டையா?" இது என் வாய்தான். நான் கேட்க நினைக்கவில்லை.

"அவளுக்குச் சண்டை. எனக்கு என்ன சண்டைன்னே தெரியாது. யாரோ பேர மாத்திப் போட்டதுக்கு நான் என்ன பண்ணுவேன் கண்ணு? செய்யாத தப்புக்குப் போயி மன்னிப்புக் கேக்கவும் மனசு வரல. கேட்டிருக்கலாம். கேக்கல."

விற்கும் காரணம் என்ன என்று கேட்டேன்.

"ஒத்த வங்கிய வச்சிக்கிட்டு என்ன பண்றது? அதையே எழுதிக்க."

இரண்டு படிவங்களிலும் ஒரே கட்டத்தில் ஒரே வாக்கியம், ஒரே கையெழுத்தில் (என்னுடையது). இதைப் போல ஒன்றை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை.

லாட் எண்கள் 58 வரை போய்விட்டன. வந்த வரிசையில் எண் போடுவதுதான் வழக்கம், அதனால் இது 59 ஆக வேண்டும். ஆனால் அப்பா 42ஆம் எண்ணை வைத்திருந்த ஒரு ஜோடிச் சலங்கையை எடுத்து 59 ஆக்கிவிட்டு, இதற்கு 42 போட்டார். ஏன் என்று கேட்டால், "சலங்கைக்கு நாப்பத்திரண்டு நல்லா இல்ல" என்றார். அப்பாவுக்கு எண்களைப் பற்றி இப்படி அபிப்பிராயங்கள் உண்டு என்று எனக்கு இதுவரை தெரியாது.

டிசம்பர் 1, ஞாயிறு

கோவிலுக்குப் போய் வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "ரெண்டு பேர்கிட்டயும் சொன்னா என்னப்பா?"

"சொல்ல முடியாது."

"அவங்களுக்கு நல்லதுதானே?"

"நல்லதா கெட்டதான்னு நாம யாரு முடிவு பண்ண? அந்தம்மா இங்க விக்கிறாங்கன்னு இந்தம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு அவங்க நெனச்சா? நம்பித்தானே குடுத்துட்டுப் போயிருக்காங்க."

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "யாரப் பத்திப் பேசறீங்க?" என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "சலங்கை" என்றோம்.

டிசம்பர் 3, செவ்வாய்

கெட்ட செய்தி. நகை வியாபாரி கந்தவேலு சார் கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்தார். நல்ல மனிதர்தான், எப்போது வந்தாலும் எனக்குக் கடலைமிட்டாய் கொண்டு வருவார். நகைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் 41இல் நின்று பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"கல்லு பழைய கல்லு. இந்தச் சிவப்பு இப்ப கெடைக்காது" என்றார்.

"வாங்கி என்ன சார் பண்ணுவீங்க?" என்றேன்.

"கழட்டிப் புது அட்டிகையில வைப்பேன் பாப்பா. கல்யாணப் பொண்ணுங்க கேக்குறாங்க."

"கிளி?"

"கிளிய உருக்கிடுவோம்."

மிட்டாயைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுக்கவில்லை. ஆனால் இன்று சாப்பிடவில்லை.

இன்னும் பத்தொன்பது நாள்.

டிசம்பர் 5, வியாழன்

எனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. முறைப்படிதான் கிடைத்தது, நான் எதையும் துருவவில்லை. எல்லா லாட்டையும் படித்து விவரம் எழுதுவது என் வேலை.

ஒரு பழைய சபாவின் கிடங்கில் இருந்து வந்த போஸ்டர் கட்டு, லாட் 17. எல்லாமே எண்பதுகளில் அடித்தவை. அதில் ஒன்று 'திலகா–பத்மா நாட்டியம்'. அதன் பின்னால் ஊசி குத்தி ஒரு தாள். அச்சகத்தில் இருந்து முதலில் சரிபார்க்க அனுப்பிய மாதிரிப் பிரதி. பெயர்களைச் சுற்றி நீல மையில் ஒரு வட்டம். ஓரத்தில் சபா செயலரின் கையெழுத்தில்: 'பெயர் வரிசை மாறியுள்ளது. எப்போதும் போல் பத்மா–திலகா என்றே போடவும். அவசரம்.'

அச்சகத்தார் பார்க்கவில்லை. அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருடம்.

விவரத்தை இப்படி எழுதினேன்: 'நாட்டிய போஸ்டர், 1986. பெயர் வரிசையை அச்சகம் தவறாக மாற்றியதைத் திருத்தும்படி சபா செயலர் தம் கையால் எழுதிய குறிப்புடன்.' பொருளில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எழுத வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அப்பா படித்துவிட்டு ஒரு கமா மட்டும் போட்டார்.

டிசம்பர் 8, ஞாயிறு

கேட்லாக்கின் பக்கங்களை அடுக்கினோம். 'இந்த ஏலத்தின் சிறப்புகள்' என்று நடுவில் இரண்டு பக்கம் வண்ணத்தில் வரும். அதை நீயே அடுக்கு என்று அப்பா டீ குடிக்கப் போய்விட்டார். ஒரு டீ குடிக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது.

நான் இடப்பக்கத்தில் 41, வலப்பக்கத்தில் 42 வைத்தேன். அழகுக்காகத்தான். புத்தகத்தைத் திறந்தால் இரண்டு கிளியும் ஒன்றை ஒன்று பார்க்கும். மூடினால் மூக்கும் மூக்கும் உரசும். நடுவில் ஊசி அடிக்கும் இடத்தில் ஆறு இதழும் சேர்ந்து ஒரு பூ ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே அளவுப் படம், ஒரே எழுத்து.

பெயர் எதுவும் போடவில்லை. மூன்றாவது விதி அப்படியே இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் வரும் ஏல நிபந்தனைகள் பதினெட்டையும் தமிழில் எழுதி முடித்தேன். அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று பரஞ்சோதி சார் சொன்னார். நான் மனப்பாடமாகவே சொல்வேன்.

டிசம்பர் 12, வியாழன்

கேட்லாக் தபாலில் போய்விட்டது, விற்கிறவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. அதில் என் பெயர் இருக்கிறது: 'தமிழ்: சூ. அமலி.' அம்மா அதைத் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் நர்ஸ்கள் எல்லாரிடமும் காட்டியிருக்கிறார். கணக்குப் பரீட்சை பரவாயில்லை.

டிசம்பர் 14, சனி

ஏலக்கூடத்துக்கு இன்று ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு போன். இரண்டையும் அப்பாதான் எடுத்தார். இரண்டுக்கும் ஒரே பதில்: "சொல்ல முடியாதும்மா. பொருள நேர்ல வந்து பாக்கலாம். வியாழனும் வெள்ளியும் பார்வை நாள். பத்துல இருந்து அஞ்சு வரைக்கும்."

வைத்துவிட்டு, "யாருப்பா?" என்றால், "சலங்கை" என்றார்.

டிசம்பர் 19, வியாழன்

பரீட்சை முடிந்து நேராக ஏலக்கூடம். பார்வை நாளில் யார் வேண்டுமானாலும் வந்து பொருட்களைப் பார்க்கலாம். கையுறை போட்டுக்கொண்டு எடுத்துக் காட்டுவது இன்று என் வேலை.

மூன்று மணிக்குப் பத்மாசனி மாமி வந்தார். "தம்புரா பாக்கலாம்னு வந்தேன்" என்றார். தம்புரா வாசலருகிலேயே இருந்தது. அதைத் தாண்டி நேராக நகைப் பெட்டிக்குப் போனார்.

நான் 42ஐ வெல்வெட் தட்டில் வைத்து எடுத்துக் கொடுத்தேன். மாமி தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"புளி போட்டுத் தேச்சிருக்கா. முலாம் போயிடும்னு அன்னிக்கே சொன்னேன், கேட்டாத்தானே" என்றார். பிறகு நிமிர்ந்து, "இதக் கொண்டுவந்து குடுத்தது யாரு?" என்றார்.

"சொல்லக் கூடாது மாமி."

"சொல்ல வேண்டாம். ஒடம்பு நன்னா இருக்காளான்னு மட்டும் சொல்லு."

யோசித்தேன். விதி பெயரைப் பற்றித்தான் சொல்கிறது. இருந்தாலும் அப்பாவின் வேலை. அதனால் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன். "எங்க ஆபீஸ் மாடியில இருக்கு மாமி. லிஃப்ட் கிடையாது. நகை குடுக்க வர்றவங்க எல்லாருமே இருபத்தி நாலு படி ஏறித்தான் வந்தாகணும்."

மாமி என்னைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். "நீ பெரிய ஆளா வருவே" என்றார்.

போகும் வழியில் லாட் 17 இருந்தது. அதன் அருகே பூதக்கண்ணாடி ஒன்றை வைத்திருந்தேன், கையெழுத்து பொடியாக இருப்பதால். மாமி அதை எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியை வைத்துவிட்டு, தடியை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். வரும்போது ஊன்றாத தடி.

நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் கேட்டேன். "பூதக்கண்ணாடி வைக்கறது தப்பா? ரசம் ஊத்திக்க" என்றார்.

டிசம்பர் 20, வெள்ளி

திலகவதி அம்மா வந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் கண்ணு." இருபத்து நான்கு படியை யாரும் சும்மா ஏற மாட்டார்கள்.

41ஐக் காட்டினேன். "பாரு, எப்படி வச்சிருக்கா. வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே. எதுலயும் ஒரு அழுக்கு ஒட்ட விடமாட்டா. மனசுல மட்டும் ஒட்டிக்கும்" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இத யாரு வாங்குவாங்க?"

எனக்கு விலை ஊகிக்கத்தான் தடை. ஆளைப் பற்றி விதி இல்லை. "கல்லுக்காக வாங்கறவங்க இருக்காங்கம்மா. கல்லக் கழட்டிட்டு மத்தத உருக்கிடுவாங்களாம்."

திலகவதி அம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "ஏலத்துல கை தூக்கணும்னா என்ன செய்யணும்?"

படிக்குக் கீழே, ஏலம் கேட்கிறவர்கள் அட்டை வாங்கும் மேஜைக்குக் கூட்டிப் போனேன். அட்டை எண் 27. அதே மேஜையில் நேற்று மாலை 26ஆம் அட்டை யாருக்குப் போனது என்று பார்த்தேன். ஆனால் அதை இங்கே எழுத மாட்டேன். பூட்டு அவ்வளவு நல்ல பூட்டு இல்லை.

டிசம்பர் 21, சனி

தூக்கம் வரவில்லை. விற்கிறவர் தன் பொருளுக்குத் தானே கேட்கக் கூடாது, ஒன்பதாவது நிபந்தனை. அடுத்தவர் பொருளுக்குக் கேட்கலாம். கந்தவேலு சார் இரண்டையும் கேட்பார். திங்கட்கிழமை சமூக அறிவியல்.

டிசம்பர் 22, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் போகிறேன், எதையும் விடாமல்.

கூடம் நிறைந்துவிட்டது. பத்மாசனி மாமி மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். திலகவதி அம்மா கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக இரண்டு பேரும் கேட்லாக்கை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டும் நடுப்பக்கத்தில் திறந்திருந்தன.

பரஞ்சோதி சார் மேடையில் நின்று சுத்தியலைத் தட்டினார். நான் பக்கத்தில் நின்று தட்டைத் தூக்கிக் காட்டினேன். தம்புரா போனது. போஸ்டர் கட்டை வேறொரு சபா வாங்கிக்கொண்டது. சாரின் குரல் நன்றாகச் சூடேறிவிட்டது.

லாட் 41. கடைசி வரிசைக்கும் தெரியும்படி தட்டை உயரத் தூக்கினேன்.

ஐயாயிரத்தில் தொடங்கியது. கந்தவேலு சார் கை தூக்கினார். கடைசி வரிசையில் இருந்து 27 எழுந்தது. ஆறு. ஏழு. எட்டு. பத்மாசனி மாமி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கைப்பையைத் திறந்து திறந்து மூடினார், ஏழு தடவை. பதினான்காயிரத்தில் கந்தவேலு சார் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"பதினாலாயிரம் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." சுத்தியல். "இருபத்தேழு."

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. தட்டைப் பிடித்திருந்ததால் குதிக்கவில்லை.

லாட் 42. இப்போது கந்தவேலு சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றை விட்டவர் இன்னொன்றை விட மாட்டார் என்று தெரிந்தது. மாமி 26ஐத் தூக்கினார். கை தூக்கியதிலேயே ஒரு அபிநயம். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாறு. பதினேழு மாமி. பதினெட்டு கந்தவேலு சார்.

மாமியின் கை அப்படியே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"பதினெட்டாயிரம் ஒரு தரம்."

பரஞ்சோதி சார் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பதினெட்டாயிரம் ரெண்டு தரம்."

"கைய எறக்காத பத்மா."

கடைசி வரிசை. திலகவதி அம்மா எழுந்து நின்றிருந்தார். கூடமே திரும்பியது. மாமி மட்டும் திரும்பவில்லை. ஆனால் இறங்கிய கை பாதியில் நின்றது.

"அம்மா, நடுவுல பேசக் கூடாது" என்றார் பரஞ்சோதி சார்.

"என் நகைக்கு அவ கை தூக்குறா. நான் பேசாம வேற யாரு பேசுவா?"

ரகசியம் உடைந்தது. உடைத்தது நானும் இல்லை, அப்பாவும் இல்லை. தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ள யாருக்கும் தடை இல்லை.

"சார், விக்கிறவங்களே ஏத்திவிட்டா எப்படி? இது முறையா?" என்று கந்தவேலு சார் எழுந்தார். அவர் கேட்டது நியாயம்தான்.

"முறை இல்லதான். அம்மா, விக்கிறவங்க ஏலத்துல தலையிடக் கூடாது."

"அப்ப நான் விக்கல."

"ஏலம் பாதியில போயிட்டிருக்கும்மா."

"அதனால என்ன? விக்கல."

பரஞ்சோதி சார் சுத்தியலைத் தூக்கியபடியே அப்பாவைப் பார்த்தார். "சூசை, நிபந்தனையில என்ன இருக்கு?"

"தமிழ்ல எழுதினது அமலிதான் சார்" என்றார் அப்பா.

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. மனப்பாடமாகவே சொன்னேன். "பதினாலாவது நிபந்தனை. சுத்தியல் விழும் வரை பொருள் விற்பவருக்கே சொந்தம். உரிய கட்டணம் செலுத்தி அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்."

"கட்டிடறேன்" என்றார் திலகவதி அம்மா.

பரஞ்சோதி சார் சுத்தியலைப் பார்த்தார். அது இன்னும் விழவில்லை. மெதுவாக மேஜைமேல் படுக்க வைத்தார். "லாட் நாப்பத்திரண்டு திரும்பப் பெறப்பட்டது."

யாரோ கை தட்டினார்கள். கந்தவேலு சார் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு கேட்லாக்கைத் திறந்து நடுப்பக்கத்தைப் பார்த்தார். "ரெண்டயும் ஒண்ணா வச்சுப் பாத்தா கல்லக் கழட்ட எனக்கே கை வராது. விடுங்க" என்று உட்கார்ந்தார். அவர் கொடுத்த கடலைமிட்டாயை இன்று சாப்பிட்டுவிட்டேன்.

ஆனால் கணக்குப் பாருங்கள். இரண்டு வங்கியும் இப்போது திலகவதி அம்மாவிடம். மாமியிடம் ஒன்றும் இல்லை, கைப்பை தவிர.

ஏலம் முடிந்து, வாங்கிய பொருளைக் கொடுக்கும் மேஜைக்கு இருவரும் வந்தார்கள். இடையில் நான்கு அடி தூரம். அப்பா இரண்டு டப்பாவையும் எடுத்து வைத்துவிட்டு, ஏதோ மறந்தவர் போல் உள்ளே போனார்.

"போஸ்டர் பாத்தேன்" என்றார் மாமி, மேஜையைப் பார்த்தபடி. "பின்னாடி எழுதியிருந்தது."

"நானும் கேட்லாக்ல படிச்சேன்."

"முப்பத்தெட்டு வருஷம் திலகா."

"எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். கைய நீட்டு."

மாமி இடது கையை நீட்டினார். திலகவதி அம்மா 41ஐ அதில் போட்டுப் பார்த்தார். மாமியின் கை மெலிந்துவிட்டது, நழுவியது. 42 திலகவதி அம்மாவின் கையில் பாதியில் நின்றது. "உனக்குப் பெருசு, எனக்குச் சிறுசு. ரெண்டு பேரும் ஒரே கடைச் சாப்பாடுதானே சாப்பிட்டோம்?" என்று சிரித்தார். லாட் எண் அட்டை கட்டும் வெள்ளை நூலை நான் எடுத்துக் கொடுத்தேன். அதை வைத்து இரண்டையும் கட்டினேன். எண் அட்டைகளை அவிழ்க்க மறந்துவிட்டேன்.

அப்பா கேமராவோடு வந்தார். "ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

திலகவதி அம்மா பழக்கத்தில் ஜன்னல் பக்கம் போய் நின்றார். மேடையில் அதுதான் அவர் இடமாம், இரண்டாவது இடம். மாமி அவரைச் சுற்றிக்கொண்டு போய், அவருக்கும் அந்தப் பக்கம், ஜன்னலை ஒட்டி நின்றார். முதல் இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டு.

அப்பா கேமராவை இறக்கினார்.

திலகவதி அம்மா தன் கையைப் பார்த்தார், மாமியின் கையைப் பார்த்தார். "கிளி ரெண்டும் முதுகத் திருப்பிக்கிட்டு நிக்குது பாரு. போ, உன் எடத்துக்கே போ."

மாமி போனார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளிகள் நேருக்கு நேர் வந்தன. அப்பா எடுத்தார்.

புறப்படும்போது வங்கிகளைக் கழற்றினார்கள். மாமி பதினான்காயிரத்தையும் திருப்பித் தருகிறேன் என்றார், திலகவதி அம்மா காதில் வாங்கவில்லை. மாமியுடையதைத் தன் மாத்திரை டப்பாவில் வைத்துக்கொண்டார். தன்னுடையதை மாமியின் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார்.

"மாத்திக் குடுக்கறியே" என்றார் மாமி.

"தெரிஞ்சுதான் குடுக்கறேன். இனிமே எது வேணும்னாலும் ஃபோன் பண்ணு."

இருபத்து நான்கு படியையும் சேர்ந்தே இறங்கினார்கள். "இந்தப் படியக் கட்டினவன் நல்லா இருப்பானா?" என்று கீழே இருந்து கேட்டது.

டிசம்பர் 23, திங்கள்

சமூக அறிவியல் சுமார். பதினான்காவது கேள்விக்குப் பதினான்காவது நிபந்தனையை எழுதாமல் இருந்தேன், அதுவே பெரிது.

மாலையில் கேட்லாக் தாள்களை ஒழுங்குபடுத்தி அட்டைப் பெட்டியில் வைத்தேன். அப்பாவின் குறிப்பு நோட்டு அடியில் இருந்தது. நவம்பர் 30 தேதியிட்ட பக்கத்தில் பென்சிலில் '41, 42 – நடுப்பக்கம்' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே '17, பின்பக்கம், அமலி பார்க்கட்டும்' என்று. தற்செயலாக இருக்கலாம். நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

படத்துக்கு இரண்டு பிரதி போட்டு வந்திருக்கிறது, ஆளுக்கு ஒன்று அனுப்ப. பின்னால் விவரம் எழுது என்றார் அப்பா. பேனாவைத் திறந்துகொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். யார் பெயரை முதலில் எழுதுவது? இருவர் கையிலும் எண் அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

இரண்டு பிரதியிலும் ஒரே மாதிரி எழுதினேன்:

'லாட் 41, லாட் 42. ஜோடி. விற்பனைக்கு இல்லை.'

அப்பா படித்துப் பார்த்தார். இந்தத் தடவை ஒரு கமாகூடப் போடவில்லை.